மகரக்கட்டும் திரௌபதியும்

1959 மார்ச்சில் நியூயார்க் பிராட்வேயில் டென்னசி வில்லியம்ஸின் 'ஸ்வீட் பேர்ட் ஆஃப் யூத்' அரங்கேறியது. வயசாவதற்கு அஞ்சி ஒளியும் ஒரு நடிகை, இளமையை விற்றுப் பிழைக்கும் ஓர் இளைஞன். அதே ஆண்டு நவம்பர் 1இல் எம்.கே. தியாகராஜ பாகவதர் இறந்தார். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' (1944) நாயகன். 1947இல் சிறை மீண்டபின் படங்கள் முன்போல் ஓடவில்லை.

இதைத் தனிமனித சோகம்னு முடித்துக்கொள்ள எனக்கு ஒப்புதலில்லை. டிக்கெட் விற்கும் மேடை உடலைச் சரக்காக்குகிறது. பாய்ஸ் கம்பெனியில் மகரக்கட்டு வந்து குரல் உடைஞ்சா ஸ்திரீபார்ட் போச்சு. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கூத்திலோ அம்பது வயசு ஆம்பளை திரௌபதியாக விடிய விடிய ஆடலாம். ஊர் வயசு கேட்காது.

ஆனால் விடிஞ்சதும் அவர் கூலிக்குத்தான் போகணும். மங்கும் புகழுக்கு நாடகமுண்டு. புகழே மறுக்கப்பட்டவரின் வரலாற்றை நாம்தான் எழுதணும்.