தீவகத்தில் தாய் சேய் நலம்

யாழ்ப்பாணத் தீவகத்தில் (ஊர்காவற்துறை, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு முதலியன) ஊர்மட்டத்தில் நடைபெறும் தாய், குழந்தை நலப் பணிகளைக் குறிக்கும். இதன் வேர் 1926இல் களுத்துறையில் தொடங்கிய இலங்கையின் முதல் சுகாதாரப் பிரிவு. நோயாளி வரட்டும் என்று காத்திராமல் வீடு தேடிச் செல்வதே அம்முறையின் புதுமை.

இன்று அப்பணியைச் சுமப்பவர் குடும்பநல உத்தியோகத்தர். ஊர் வழக்கில் மருத்துவமாது. கர்ப்பிணியை வீட்டில் பார்ப்பார். கிளினிக்கில் குழந்தையை நிறுத்து, வளர்ச்சிப் பதிவேட்டில் புள்ளியிடுவார். வளர்ச்சிக் கோடு சரிந்தால் தாயோடு உணவு பற்றிப் பேசுவார். சோளம், சோயா, பால்மா சேர்ந்த திரிபோஷா மாவும் இவ்வழியே வீடு சேர்கிறது. வீட்டில் பெரியவர்களும் அதைச் சுவைப்பதுண்டு. பொதி சீக்கிரம் தீர்வதற்கு அதுவும் காரணம்.

அரசு எட்டாத இடத்தை சனசமூக நிலையங்களும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் நிரப்புகின்றன. முன்பள்ளி நடத்துவது, சிரமதானத்தால் கிணறு இறைத்து நுளம்பு பெருகுமிடங்களை அழிப்பது இவற்றின் வழக்கமான வேலைகள். புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களின் பணமும் வருகிறது. ஆனால் அச்சங்கங்கள் கட்டடங்களில் காட்டும் ஆர்வத்தை ஆளணியில் காட்டுவதில்லை.

கடலே பெருந்தடை. வேலணை, ஊர்காவற்துறை, புங்குடுதீவு ஆகியவற்றுக்குத் தரைவழி உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகுதான். நெடுந்தீவில் பிரதேச வைத்தியசாலை இருந்தும், சிக்கலான பிரசவத்துக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கே போகவேண்டும்.