கொங்கு நாட்டில் கிறித்தவ எழுப்புதலும் சபை ஒருமையும்: பேராயர் ஏ. ஜே. அப்பாசாமியின் பக்தி இறையியலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கொங்கு நாட்டுச் சீர்திருத்தச் சபைகளுள் பெரும்பாலானவை 1947இல் அமைப்பளவில் ஒன்றாயின. அவ்வொருமை வழிபடுவோர் உள்ளத்தில் வேரூன்ற எழுப்புதல் துணைசெய்யுமா, அன்றிப் புதிய பிளவுக்கு வித்தாகுமா என்னும் வினா இங்கு எழுகிறது. கோயம்புத்தூர்த் திருமண்டலத்தின் முதற் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமியின் (1891–1975) பக்தி இறையியல் இவ்வினாவுக்குத் தரும் விடையையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: எழுப்புதல், தென்னிந்தியத் திருச்சபை, பக்தி இறையியல், அனுபவம், கொங்கு நாடு.

முன்னுரை

தமிழ்ச் சீர்திருத்தச் சபையார் வழக்கில் 'எழுப்புதல்' என்பது தளர்ந்த பக்தி மீண்டும் விழிப்புறுதலைக் குறிக்கும். கத்தோலிக்கரிடையே இதனோடு ஒப்பவைக்கத்தக்க போக்கு 'அருங்கொடை இயக்கம்' எனப்படுகிறது. இரண்டும் தனிமனிதரின் நேரடி இறையனுபவத்தை முதன்மைப்படுத்துவன. அவ்வனுபவம் சபை எல்லைகளைக் கடக்கும் இயல்புடையது. அதனாலேயே சபையின் அதிகாரத்தோடு முரணவும் செய்யும்.

1860: ஒரு முன்நிகழ்வு

தமிழகத்து எழுப்புதல் வரலாற்றில் ஜான் கிறிஸ்தியன் அருளப்பனின் (1810–1867) பணி முதன்மையானது. ரேனியஸிடம் பயின்று, அந்தோணி நோரிஸ் குரோவ்ஸின் தாக்கம் பெற்ற அவர், மிஷன் ஊதியம் பெறாமல் கிறிஸ்தியான்பேட்டையில் ஊழியம் செய்தார். அங்கு 1860இல் தோன்றிய எழுப்புதல் திருநெல்வேலியின் ஆங்கிலிக்கச் சபைகளுக்கும் பரவியது. மிஷனரிமாருள் சிலர் அதனை வரவேற்றனர், சிலர் ஐயுற்றனர். இவ்வலை 1870களில் திருவிதாங்கூரை எட்டியபோது, ஜஸ்டஸ் ஜோசப்பின் தலைமையில் 'யூயோமயம்' என்னும் தனிச்சபை பிரிந்தது. கிறித்து 1881இல் மீண்டும் வருவார் என்ற அதன் முன்னறிவிப்பு பொய்த்தது. எல்லை கடந்த அனுபவம், அதனைச் சீர்தூக்கும் பொது அவையின்றிப் புதிய எல்லையை வகுத்துக்கொண்டமைக்கு இது சான்று.

கொங்கு நாட்டுச் சபைகள்

கொங்கு நாட்டில் கிறித்தவம் பல வழிகளில் வந்தது. கருமத்தம்பட்டியில் 17ஆம் நூற்றாண்டிலேயே இயேசு சபையாரின் பணி வேரூன்றியது. கோயம்புத்தூர் 1886இல் கத்தோலிக்க மறைமாவட்டமாயிற்று. இலண்டன் மிஷனைச் சார்ந்த டபிள்யூ. பி. ஆடிஸ் 1830இல் கோயம்புத்தூரில் பணி தொடங்கினார். கரூர், தாராபுரம் பகுதிகளில் வெஸ்லியன் மெதடிஸ்டுகள் உழைத்தனர். ஆங்கிலிக்கரும் லுத்தரன் சபையாரும் தத்தமக்கெனச் சபைகளை நிறுவினர்.

இப்பிரிவுகளைக் கடக்கும் முயற்சிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றின. சேலத்தைச் சேர்ந்த கே. டி. பால் (1876–1931), வி. எஸ். அசரியா முதலியோருடன் இணைந்து 1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் தனக்கெனத் தனிச்சபை எதையும் தோற்றுவிப்பதில்லை எனக் கொண்டது. ஈரோட்டில் பணியாற்றிய இலண்டன் மிஷனைச் சார்ந்த எச். ஏ. பாப்லி, கீர்த்தனையையும் கதாகாலட்சேபத்தையும் அருள்பணிக்குக் கருவியாக்கினார். இந்திய இசை குறித்து 1921இல் நூல் வெளியிட்ட அவர், திருக்குறளையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றோரின் கீர்த்தனைகள் லுத்தரன், ஆங்கிலிக்கன் என்னும் வேறுபாடின்றிப் பாடப்பட்டன. கோட்பாட்டால் பிரிந்தோர் பாட்டால் முன்னரே ஒன்றியிருந்தனர் எனலாம்.

அப்பாசாமியின் விடை

ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், தென்னிந்திய ஐக்கிய சபையார் ஆகியோர் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தனர். கோயம்புத்தூர்த் திருமண்டலம் 1950இல் உருவானபோது அப்பாசாமி அதன் பேராயரானார். 1959 வரை அப்பொறுப்பில் இருந்தார். பேராயர் ஆட்சிமுறைக்குப் பழகாத இலண்டன் மிஷன் சபைகளை ஆங்கிலிக்க மரபினருடன் ஒருங்கே நடத்தும் கடமை அவருக்கு வாய்த்தது.

யோவான் நற்செய்தியின் அனுபூதியைப் பக்தி இலக்கியத்தோடு ஒப்பிட்டு ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். இறைவனோடு ஒன்றாதல் என்பது தன்மை இழந்து கரைதலன்று, அன்பால் அவனுள் நிலைத்தல் என்பது அவர் கொள்கை. பி. எச். ஸ்ட்ரீட்டருடன் சேர்ந்து 1921இல் சாது சுந்தர்சிங்கைப் பற்றி நூல் எழுதினார். எல்லாச் சபைகளிலும் பேசும் உரிமையை விரும்பி ஆங்கிலிக்கப் பிரசங்கி உரிமத்தைத் திருப்பியளித்தவர் சுந்தர்சிங். எழுப்புதல் வரலாற்றாசிரியர் ஜே. எட்வின் ஓரின் வாழ்க்கை வரலாற்றையும் 1964இல் அப்பாசாமி எழுதினார். அவருக்கு எழுப்புதலில் இருந்த ஈடுபாடு இடைக்கால ஆர்வமன்று என்பதை இவ்விரு நூல்களும் உணர்த்துகின்றன.

அவர் இறையறிவுக்குரிய பிரமாணங்களாகச் சுருதி, யுக்தி, அனுபவம், சபை என நான்கினைக் கொண்டார். இந்திய மெய்யியல் மரபு அறிந்த முதல் மூன்றனோடு சபையைச் சேர்த்தமை கருதத்தக்கது. எழுப்புதலின் உயிர் அனுபவம். ஆயினும் ஒருவர் அனுபவம் மறை, அறிவு, அடியார் கூட்டம் ஆகியவற்றின் ஒப்புதலை வேண்டி நிற்கிறது. யூயோமயத்தில் காணாத கட்டுப்பாடு இதுவே. சபைப் பிரிவைக் கடத்தல் என்பது சபையையே கடத்தலன்று என்ற தெளிவு இதனால் பெறப்படுகிறது.

விடையின் எல்லை

எனினும், இந்நோக்கு இரு தடைகளை எதிர்கொண்டது. முதலாவது, கத்தோலிக்கரும் தமிழ் லுத்தரன் திருச்சபையாரும் இவ்விணைப்புக்கு வெளியே நின்றனர். பெந்தெகொஸ்தே சபைகளும் தனித்தே வளர்ந்தன. இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. கொங்கு நாட்டுச் சிற்றூர்ச் சபைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதி. அப்பாசாமி எடுத்தாண்ட ஆழ்வார், மாணிக்கவாசகர், தாயுமானவர் மரபோ ஏட்டுக்கல்வி வழிப்பட்டது. இந்தியக் கிறித்தவ இறையியல் மேற்சாதி மரபையே உரைகல்லாகக் கொண்டது என 1980களில் எழுந்த தலித் இறையியல் சுட்டிய குறை இங்கும் பொருந்தும். யாருடைய அனுபவம் பிரமாணமாகிறது என்னும் வினாவை அவருடைய நால்வகைப் பகுப்பு எழுப்பவில்லை.

பின்னாளில், சபை வேறுபாடு கருதாத பெருங்கூட்டங்களும் வானொலி, தொலைக்காட்சி ஊழியங்களும் பெருகின. 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தின் நிறுவனர் டி. ஜி. எஸ். தினகரன் 1986இல் கோயம்புத்தூருக்கு மேற்கே காருண்யா கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார். இத்தகைய ஊழியங்கள் மக்களைத் தனித்தனி அடியாராக விளித்துத் திரட்டுவன. நான்காம் பிரமாணமாகிய சபை இவற்றில் பின்னிடம் பெறுகிறது.

முடிவுரை

சபைகளின் இணைப்பு அமைப்பையும், எழுப்புதல் அதற்கு உயிரையும் தரவல்லன. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. அனுபவத்தைச் சபையோடு பிணைத்ததில் அப்பாசாமியின் விடை இன்றும் பயனுடையது. ஆயின் அச்சபையில் சாதியால் விளிம்பில் நிறுத்தப்பட்டோரின் குரலுக்கும் பிரமாணத் தகுதி கிட்டும்போதே அவ்விடை நிறைவுறும்.