பார்பரா பிம்மின் மென்னகை

நகைச்சுவை என்றவுடன் வாய்விட்டுச் சிரிக்கவைப்பதையே நம்மிற் பலர் எண்ணுகிறோம். இதழோரத்தில் சற்றே தோன்றி மறைந்து, பின்னர் நெஞ்சில் நெடுநேரம் தங்கி வருத்தும் நகையும் உண்டு. ஆங்கிலப் புதின ஆசிரியை பார்பரா பிம் (1913–1980) அத்தகைய நகைக்கு உரியவர்.

இலண்டனில் பன்னாட்டு ஆப்பிரிக்க ஆய்வுக் கழகத்தில் 1974 வரை அவர் பணிபுரிந்தார். ஆப்பிரிக்கக் குடிகளின் உறவுமுறைகளையும் சடங்குகளையும் பற்றி மானிடவியலார் எழுதியவற்றைச் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்புவது அவர் தொழில். அந்த ஆய்வுக் கண்ணைத் தம் இனத்தார் பக்கமே அவர் திருப்பிக்கொண்டார் என்று நாம் கருதுகிறோம். 1952இல் வெளிவந்த ‘எக்ஸலன்ட் விமன்’ புதினத்தின் நாயகி மில்ட்ரெட், முப்பதைக் கடந்தும் மணமாகாத, பாதிரியார் ஒருவரின் மகள். அண்டை வீட்டாரின் பூசலைத் தீர்ப்பதும், பிறர் பாத்திரங்களைக் கழுவுவதும் அவள் கடமையென எல்லாரும் தாமே முடிவுசெய்து விடுகின்றனர். ஒருமுறை அவள், தேநீர் இப்போது தேவைதானா என்று கேட்டுவிடுகிறாள். உடனிருந்த பெண்மணியோ உலகத்தின் அச்சாணியே கழன்றுவிட்டாற்போலக் கலங்கிப் போகிறார்!

1950 முதல் 1961 வரை அவருடைய ஆறு புதினங்களை வெளியிட்ட ஜோனதன் கேப் பதிப்பகத்தார், 1963இல் ஏழாவதை மறுத்துவிட்டனர். பிற பதிப்பகங்களின் கதவுகளும் திறக்கவில்லை. பதினான்கு ஆண்டுகள் அவர் நூல் எதுவும் புதிதாக வெளிவரவில்லை. எனினும் அவர் எழுதுவதை விட்டாரில்லை.

1977 சனவரியில் ‘டைம்ஸ் லிட்டரரி சப்ளிமென்ட்’ இதழ், உரிய மதிப்புப் பெறாத எழுத்தாளர் யார் என்று அறிஞர்களைக் கேட்டது. கவிஞர் பிலிப் லார்கினும் திறனாய்வாளர் டேவிட் செசிலும் தனித்தனியே பிம் பெயரையே கூறினர். அவ்வாண்டிலேயே ‘குவார்ட்டெட் இன் ஆட்டம்’ அச்சேறியது.

ஓர் அலுவலகத்தில் ஒரே அறையில் அமர்ந்து முதுமையெய்தும் நால்வரின் கதை அது. அவர்களுள் பெண்கள் இருவரும் ஓய்வு பெறுகின்றனர். பாராட்டிப் பேச வந்த மேலதிகாரிக்கு, அவ்விருவரும் இத்தனை காலம் செய்த வேலை இன்னதென்றே தெளிவாகத் தெரியவில்லை. பிரிவுபசார விழாக்கள் பலவற்றில் மாலையும் கையுமாக நின்ற நமக்கு இவ்விடத்தில் சிரிப்பு வருகிறது. ஆனால் தொண்டையைத் தாண்டவில்லை. அவர்கள் இடத்தில் வேறெவரும் அமர்த்தப்படவுமில்லை. அவ்விருவருள் ஒருத்தியான மார்சியா, காலிப் பால் புட்டிகளைக் கழுவிக் கொட்டகையில் அடுக்குகிறாள்; அலமாரி நிறைய டப்பா உணவு இருக்க, உண்ணாமல் மெலிந்து மடிகிறாள். இங்கே ஆசிரியை அவளை எள்ளவுமில்லை, இரங்கி அழவுமில்லை. புட்டிகளை மட்டும் காட்டுகிறார்.

அப்புதினம் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. பரிசைப் பெற்றது, விடுதலைக்குப் பின்னும் இந்தியாவிலேயே தங்கிவிட்ட ஆங்கிலத் தம்பதியரைப் பற்றி பால் ஸ்காட் எழுதிய ‘ஸ்டேயிங் ஆன்’. 1980 சனவரியில் பிம் மறைந்தார். 1963இல் மறுக்கப்பட்ட ஏழாவது புதினம் 1982இல் வெளிவந்தது.