வைர நகை வாங்குவோர் கவனத்துக்கு: ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டுமே, கல்லுக்குத் தர அறிக்கையே சான்று

பெங்களூரு: வைரத் தோட்டிலோ மூக்குத்தியிலோ பொறிக்கப்பட்டிருக்கும் ஹால்மார்க் முத்திரை, அந்நகையில் உள்ள தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே சான்றாகும். அதில் பதிக்கப்பட்ட கற்களின் தரத்தைப் பற்றி அம்முத்திரை எதுவும் கூறுவதில்லை.

தங்க நகைகளுக்கான ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் இல்லாத தங்க நகைகளைக் கடைகளில் விற்க இயலாது. வைரத்துக்கு இத்தகைய கட்டாய அரசு முத்திரை கிடையாது. பெங்களூருவின் ரிச்சர்ட்ஸ் டவுன், பிரேசர் டவுன் போன்ற பழைய கண்டோன்மென்ட் பகுதிகளிலிருந்து கமர்சியல் தெருவுக்கு நகை வாங்கச் செல்லும் குடும்பம், தங்கத்தின் தூய்மையைக் கைப்பேசிச் செயலியிலேயே சரிபார்த்துவிடலாம். கல்லின் தரத்துக்கு, ஆய்வகம் வழங்கும் அறிக்கையையே நம்ப வேண்டியுள்ளது.

பழைய தேர்வு முறை

வைரத்தின் குற்றங்களை ஆராய்ந்து வாங்கும் வழக்கம் தமிழர்களுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரையின் மணிக்கடை வீதியை வருணிக்கும்போது வைரத்துக்குரிய நான்கு குற்றங்களைக் குறிப்பிடுகிறது. கல்லைச் சில நாள்கள் வீட்டில் வைத்திருந்து, தோஷம் உண்டா எனப் பார்த்த பின்னரே வாங்கும் பழக்கம் இன்றும் பல குடும்பங்களில் உள்ளது. ஆனால், கல்லின் உள்ளே இருக்கும் நுண்ணிய கீற்றையோ, அது ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டதா என்பதையோ வெறுங்கண்ணால் அறிய முடியாது.

அறிக்கை கூறுவது என்ன?

இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் அளவுகோலை உருவாக்கியது, அமெரிக்காவில் 1931-இல் தொடங்கப்பட்ட ஜி.ஐ.ஏ. நிறுவனம். அது 1955-இல் முதல் தர அறிக்கைகளை வெளியிட்டது. எடை, நிறம், தெளிவு, வெட்டு ஆகிய நான்கையும் அறிக்கை மதிப்பிடுகிறது. ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். அதாவது 100 சென்ட். நிறம் டி முதல் இசட் வரை வரிசைப்படுத்தப்படுகிறது. இதில் டி, ஈ, எஃப் ஆகியவை நிறமற்றவை. தெளிவு, 10 மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸின் வழியே பார்த்துத் தீர்மானிக்கப்படுகிறது. தென்னிந்தியக் கடைகளில் அதிகம் கேட்கப்படும் 'ஈ-எஃப், விவிஎஸ்' என்பது இவ்விரு அளவுகோல்களின் உயர்படிகளைக் குறிப்பதாகும்.

தர அறிக்கை வேறு. விலை மதிப்பீட்டுச் சான்று வேறு. ஜி.ஐ.ஏ. அறிக்கையில் விலை குறிப்பிடப்படுவதில்லை. கடைக்காரர் தாமே எழுதித் தரும் 'உத்தரவாத அட்டை', அக்கடையின் வாக்குறுதி மட்டுமே. அது சுயேச்சையான ஆய்வு ஆகாது.

எழுத்து ஒன்று, தரம் வேறு

நிறத்தையும் தெளிவையும் பயிற்சி பெற்ற மனிதக் கண்களே பெரும்பாலும் தீர்மானிப்பதால், நல்ல ஆய்வகங்களுக்கிடையே கூட ஒரு படி வேறுபாடு வரக்கூடும். ஒரு ஆய்வகம் தொடர்ந்து பல படிகள் உயர்த்தித் தரம் வழங்கினால்தான் சிக்கல் எழுகிறது. இக்காரணத்தாலேயே, உலகின் முக்கிய வைர வணிக இணையத் தளமான ராப்நெட், ஈ.ஜி.எல். என்ற பெயரில் வெளியான அறிக்கைகளைப் பட்டியலிடுவதை 2014 அக்டோபர் 1 முதல் நிறுத்தியது. அத்தகைய அறிக்கையுடன் 'மலிவாக' வாங்கியவர், உண்மையில் தாழ்ந்த தரத்துக்கு அதற்குரிய விலையையோ அதைவிடக் கூடுதலாகவோ கொடுத்திருக்கக்கூடும். மறுவிற்பனையின்போதுதான் அது தெரியவரும்.

1,042 அறிக்கைகள் செல்லாதவை

பெயர்பெற்ற ஆய்வகத்தின் அறிக்கையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. 2015-இல் ஜி.ஐ.ஏ.வின் கணினித் தரவுத்தளத்தில் அனுமதியின்றி நுழைந்து, கற்களின் தரம் உயர்த்தி மாற்றப்பட்டது கண்டறியப்பட்டது. ஒப்பந்த நிறுவனமொன்றின் முன்னாள் ஊழியர்கள் மீது ஐயம் எழுந்தது. மொத்தம் 1,042 வைரங்களுக்கான அறிக்கைகள் செல்லாதவை என அறிவித்த ஜி.ஐ.ஏ., அக்கற்களை மறு ஆய்வுக்கு அனுப்புமாறு கேட்டுக்கொண்டது. தாளில் உள்ளதை ஆய்வகத்தின் இணையதளத்தில் உள்ள பதிவுடன் ஒப்பிடுவதுடன், விலையுயர்ந்த கல்லாயின் இரண்டாவது ஆய்வையும் நாடுவது ஏன் தேவை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

ஆய்வக வைரமும் போலிப் பொறிப்பும்

ஆய்வகத்தில் வளர்க்கப்படும் வைரம், வேதியியல் அமைப்பில் இயற்கை வைரத்தை ஒத்தது. விலையில் மிகவும் குறைந்தது. கடைகளில் உள்ள எளிய வெப்பச் சோதனைக் கருவி இரண்டையும் வேறுபடுத்தாது. மாய்சனைட் கல்லைக்கூட அக்கருவி வைரம் என்றே காட்டிவிடும்.

கல்லின் இடைவிளிம்பில் லேசர் மூலம் அறிக்கை எண்ணைப் பொறிப்பது பாதுகாப்பு ஏற்பாடாகும். எனினும், இயற்கை வைரத்தின் எண்ணைப் பொறித்த ஆய்வக வைரங்களும் பிடிபட்டுள்ளன. ஆகவே எண் மட்டும் பொருந்தினால் போதாது. எடை, மில்லிமீட்டர் அளவுகள், தெளிவுக் குறிப்புகள் ஆகியவையும் பொருந்த வேண்டும். ஆய்வக வைரத்தை அவ்வாறே வெளிப்படையாகக் குறிப்பிட்டு விற்பது தொடர்பாக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஜனவரியில் துறையினருடன் ஆலோசனை நடத்தியது.

கட்டிய நகையின் வரம்பு

நகையில் பதித்த பிறகு கல்லைத் தனியே எடை போட இயலாது. தென்னிந்தியாவில் விரும்பப்படும், பின்புறம் தங்கத்தால் மூடிய கட்டடத்தில் கல்லின் அடிப்பகுதியையும் காண முடியாது. ஜி.ஐ.ஏ., பதிக்கப்படாத தனிக்கற்களுக்கு மட்டுமே அறிக்கை வழங்குகிறது. பல கற்கள் கொண்ட நகைக்கு வேறு ஆய்வகங்கள் தரும் அறிக்கை, கற்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு தர வரம்பையே குறிப்பிடும். எனவே பெரிய கல்லாயின், பதிப்பதற்கு முன்பே ஆய்வறிக்கை பெறுவது நல்லது.

வாங்கும்போது செய்ய வேண்டியவை

* அறிக்கையை வெளியிட்டது விற்பனையாளருடன் தொடர்பற்ற ஆய்வகமா எனக் கேட்டறிய வேண்டும்.
* பணம் செலுத்துவதற்கு முன், அறிக்கை எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் தாமே தட்டச்சு செய்து சரிபார்க்க வேண்டும்.
* லென்ஸ் வழியே லேசர் எண்ணைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.
* இயற்கை வைரமா, ஆய்வக வைரமா என்பது, எடை, நிறம், தெளிவு, அறிக்கை எண் ஆகியவற்றுடன் ரசீதில் இடம்பெற வேண்டும்.
* திரும்ப வாங்கும் விதிமுறைகளை எழுத்துப்பூர்வமாகப் பெற வேண்டும்.
* 'அறிக்கை பின்னர் வரும்' என்றால், அது கைக்கு வரும்வரை முழுத்தொகையைச் செலுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு.

ஏமாற்றப்பட்டால்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கலாம். செலுத்திய தொகை ரூ.50 லட்சம் வரை இருப்பின், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். அங்கு ரசீதும் தர அறிக்கையும், வேறொரு ஆய்வகத்தின் மறு ஆய்வு முடிவும் முக்கிய ஆவணங்களாக அமையும். ரசீதில் 'வைரத் தோடு - 1 ஜோடி' என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், எந்தத் தரத்தில் கல் தருவதாகக் கடைக்காரர் கூறினார் என்பதை மெய்ப்பிப்பது கடினமாகிவிடும்.