கேமரன் மலைக்கு இங்கிலீஷ் வாசிப்பு ஏறி வந்த கதை



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டார். எந்த ராஜாவைப் பற்றி எழுதலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். சோழரும் சோழர் கப்பலும் ஏற்கெனவே பாடப் புத்தகத்தில் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் பையில் போட்டுக்கொண்டு வருகிற இங்கிலீஷ் வாசிப்புப் புத்தகம் இந்த மலைக்கு எப்படி ஏறி வந்தது என்பதைத்தான் யாரும் நமக்குச் சொல்லவில்லை. ஆகவே அதையே எழுதுகிறேன்.

1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸல் என்னும் வெள்ளைக்காரர் இம்மலையில் காட்டை வெட்டித் தேயிலை போடத் தொடங்கினார். அதுதான் போ தோட்டம். பிறகு மற்றத் தோட்டங்களும் வந்தன. நம் பாட்டன் பாட்டிமார் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறிய காலம் அது. அவர்களோடு பிள்ளைகளும் வந்தார்கள், லயத்திலேயே பிறந்தும் வளர்ந்தார்கள்.

அக்காலத்துச் சட்டம் பிள்ளைகளை அடியோடு மறந்துவிடவில்லை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒரே இனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால், அந்தத் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். வைத்தார்கள். ஆனால் எப்படி? பல தோட்டங்களில் ஒரு கொட்டகை, ஒரே வாத்தியார். வாத்தியார் கிடைக்காத இடத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ பாடம் சொன்னார். புத்தகம் இந்தியாவிலிருந்து வந்தது. தமிழ் எழுத்து, கணக்கு, கொஞ்சம் நீதிக்கதை, அவ்வளவுதான். இங்கிலீஷ் பெரும்பாலும் கிடையாது. பட்டணத்து இங்கிலீஷ் பள்ளியில் சம்பளம் கட்டிப் படித்தால்தான் உண்டு. 1936-ஆம் ஆண்டு கடைசியில் இந்தியாவிலிருந்து சீனிவாச சாஸ்திரியார் மலாயாத் தோட்டங்களைப் பார்வையிட வந்தார். அவர் ஒரு காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்தவர், இங்கிலீஷில் பேசினால் வெள்ளைக்காரரே வாய் பிளந்து கேட்பார்களாம். அப்பேர்ப்பட்டவர் நம் தோட்டத்துக் கொட்டகைப் பள்ளிகளைக் கண்டபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், கவனியுங்கள். இதே மலையில் அதே காலத்தில் இன்னொரு பள்ளிக்கூடமும் இருந்தது. சிங்கப்பூரில் தாங்லின் பள்ளியை நடத்திய மிஸ் கிரிஃபித் ஜோன்ஸ் அம்மையார், 1934-இல் கேமரன் மலையில் ஒரு விடுதிப் பள்ளியைத் திறந்தார். வெள்ளைக்காரர்கள் தங்கள் சின்னஞ்சிறு பிள்ளைகளைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு ஏங்கிக் கிடக்க வேண்டாம், குளிர்ந்த மலையிலேயே வைத்துப் படிக்கவைக்கலாம் என்பது ஏற்பாடு. யுத்தத்துக்குப் பிறகு, 1951-இல், பிரிட்டிஷ் பட்டாளத்தார் பிள்ளைகளுக்கென்று தானா ராத்தாவில் ஸ்லிம் பள்ளி வந்தது. அவசரகாலம் நடந்த சமயம். தாப்பாவிலிருந்து அந்தப் பிள்ளைகளைக் கவச வண்டிகள் காவல் வரக் கூட்டிவந்தார்கள். 1964-இல் அந்தப் பள்ளியை மூடினார்கள். ஒரே மலை, ஒரே மூடுபனி. அங்கே ஒரு பிள்ளைக்கு மூன்று நான்கு வயதிலேயே மடியில் உட்காரவைத்து இங்கிலீஷ் கதை வாசித்துக் காட்டியிருப்பார்கள். இங்கே அதே வயதுப் பிள்ளை ஆயாக் கொட்டகையில் தூளியில் கிடந்தது. வயிற்றெரிச்சலில் இதை எழுதவில்லை. பின்னால் வரப்போவதற்கு இது அவசியம்.

கொஞ்சம் வெளியுலகத்துக்குப் போவோம். 1920-களில் டாக்கா நகரத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மைக்கேல் வெஸ்ட் என்று ஓர் இங்கிலீஷ்காரர் இருந்தார். வங்காளத்து ஏழைப் பிள்ளைகள் பாதியிலேயே பள்ளியை விட்டு நின்றுவிடுவதை அவர் பார்த்தார். 1926-இல் அவர் எழுதிய நூலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் வார்த்தை ஒன்றை எடுத்துப் போட்டார்: சரண்டர் வேல்யூ. பாலிசியைப் பாதியில் நிறுத்தினாலும் கட்டிய பணத்தில் ஏதோ ஒரு பங்கு கைக்குத் திரும்பி வருமே, அதுதான். படிப்பும் அப்படி இருக்க வேண்டும் என்றார். நாலாவது வகுப்போடு நின்றுபோகிற பிள்ளைக்கும் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும். பாதி கற்ற பேச்சு, பேச ஆளில்லாவிட்டால் மறந்துபோகும். எளிய புத்தகத்தை வாசிக்கத் தெரிந்துவிட்டால் அந்தப் பிள்ளை தானாகவே மேலே போகலாம். ஆகவே வாசிப்பை முதலில் கொடு என்பது அவர் கட்சி. அதற்காகப் பழைய வாசகங்களில் இருந்த வழக்கொழிந்த சொற்களை நீக்கிவிட்டு, எல்லாரும் புழங்குகிற சொற்களை வைத்தார். புதுச் சொற்களை ஒரே பக்கத்தில் கொட்டாமல் இடைவெளி விட்டுத் தூவினார். படிக்கிற பிள்ளைக்குக் கதை ஓடவேண்டும், இடறக்கூடாது. அந்த வாசிப்பு நூல்கள் பல நாடுகளுக்குப் போயின.

பேச்சைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார் என்று அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் தோட்டப் பள்ளியில் பாடம் நடத்துகிறவனுக்கு அந்த சரண்டர் வேல்யூ என்ற வார்த்தை நெஞ்சில் தைக்காமல் போகாது. இன்று நம் மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பலர் வங்காள தேசத்திலிருந்து வந்தவர்கள். டாக்காவில் அந்தப் புத்தகங்களைப் படித்தவர்களின் பேரப் பிள்ளைகளும் அவர்களில் இருக்கலாம், யார் கண்டது!

நம் நாட்டுக்குத் திரும்புவோம். 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும், அதையடுத்து 1957-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பிறகு, மலாயும் இங்கிலீஷும் தமிழ்ப் பள்ளிக்குள் கட்டாயப் பாடமாக நுழைந்தன. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் தமிழில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்கு முன்னால் ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். அக்காலத்தில் பல இடைநிலைப்பள்ளிகளில் கணக்கு, விஞ்ஞானம், சரித்திரம் யாவும் இங்கிலீஷில்தான். அந்த ஒரே வருஷத்தில் ஒரு பாஷையைப் பிடித்துக் கரையேற வேண்டும். ஏறியவர்கள் டாக்டரானார்கள், வக்கீலானார்கள். அவர்கள் படம் மலர்களில் வரும். ஏறாதவர்கள் கூடையை எடுத்தார்கள். அவர்கள் எந்த மலரிலும் இல்லை.

1970 முதல் இங்கிலீஷ் வழிப் பள்ளிகள் வருஷத்துக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. 1976-இல் முதலாம் படிவம் மாறியது. 1983-இல் புதிய ஆரம்பக் கல்வித் திட்டம் வந்தபோது, தேசியப் பள்ளியில் முதலாம் ஆண்டிலேயே இங்கிலீஷ், தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் ஆண்டில்தான் என்றாயிற்று. மூன்று பாஷை சுமக்கிற பிள்ளைக்கு இரக்கம் காட்டினார்கள் என்று சொல்லலாம். ஆனால் அந்த இரண்டு வருஷத்தை எங்களுக்கு யாரும் திருப்பித் தரவில்லை. நான் அந்தப் பிள்ளைகளில் ஒருவன். 2000-ஆம் ஆண்டில் மூன்றாம் ஆண்டில் உட்கார்ந்துதான் முதல் இங்கிலீஷ் வாக்கியத்தை எழுதினேன். பிற்பாடு ஓர் இடைநிலைப்பள்ளியில் எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். இரண்டாவது வரியில் நின்றேன். "ஒக்காரு" என்றார்கள். அந்த வருஷம் முழுக்க என்னை மறுபடி எழுப்பவே இல்லை.

2003-க்குப் பிறகு தமிழ்ப் பள்ளியிலும் முதலாம் ஆண்டிலேயே இங்கிலீஷ் வந்தது. 2011-இல் தொடங்கிய பாடத்திட்டத்தில் எழுத்துக்கு ஒலி என்று சேர்த்து வாசிக்கும் முறை வந்தது. பெற்றோர்களே, வீட்டில் பிள்ளை தப்பாக வாசித்தால் திட்டாதீர்கள். அவன் படுகிற பாட்டைக் கேளுங்கள். தமிழில் ஓர் எழுத்தைப் பார்த்தால் அதன் ஒலி பெரும்பாலும் நம்மை ஏமாற்றாது. மலாயும் ஏறக்குறைய அப்படியே. இங்கிலீஷ் அப்படியா? சி, ஏ, டி என்ற மூன்று எழுத்தை மலாய்ப் பாடத்தில் 'சாட்' என்று வாசித்தால் சுவருக்குப் பூசும் சாயம். மணி அடித்து இங்கிலீஷ் பாடம் தொடங்கினால் அதே மூன்றெழுத்து பூனையாகிவிடுகிறது! ஏ, ஐ, ஆர் என்பது மலாயில் தண்ணீர், இங்கிலீஷில் காற்று. ரொட்டியில் தடவுகிற ஜாம், மலாயில் கடிகாரம். ஏழு வயதுப் பிள்ளை ஒரே காலையில் இந்த மூன்று வீட்டுக்கும் போய்வருகிறது. நமக்கு முடியுமா?

2018-இல் இங்கிலாந்துப் பதிப்பகத்தின் பாடப்புத்தகங்கள் முதலாம், இரண்டாம் ஆண்டுக்கு வந்தன. படங்கள் பளபளப்பு. கதை மாந்தர் நமக்கு அந்நியர். பத்திரிகைகளில் பலரும் குறைபட்டார்கள். என் வகுப்பில் அந்நியப் பெயர் ஒரு தடையாக இருக்கவில்லை. கதையை முன்பே தெரிந்துவைத்திருக்கிற பிள்ளை எந்தப் பெயரையும் தாண்டிப் போய்விடும், தெரியாத பிள்ளை முதல் வரியிலேயே நின்றுவிடும். அதனால் நான் முதலில் கதையைத் தமிழில் சொல்லிவிடுகிறேன். காக்காய் வடை தூக்கிய கதை, முதலைகளை எண்ணுவதாக ஏய்த்து ஆற்றைக் கடந்த சாங் காஞ்சில் கதை. மறுநாள் அதையே இங்கிலீஷில், கையாலும் கண்ணாலும். மூன்றாம் நாள்தான் புத்தகம். இங்கிலீஷ் வகுப்பில் தமிழா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கட்டும்.

கதை சொல்லும் போட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை, பரிசளிப்பு நாளாயிற்றே. மாவட்டப் போட்டிக்கு ஒரு மாணவனைத் தயார் செய்தேன். எழுதிக் கொடுத்ததை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தான். சிங்கம் வந்தால் கர்ஜித்தான், முயல் வந்தால் குதித்தான். வீட்டில் பாட்டி எதிரில் செய்து காட்டினானாம். பாட்டி ரசித்துக் கேட்டுவிட்டு, "சரிடா கண்ணு, அந்த மொசலு ஏன் அப்பிடிச் செஞ்சுச்சு?" என்றார்களாம். பையன் முழித்திருக்கிறான். மறுநாள் என்னிடம் வந்து, "சார், பாட்டி கேக்குறாங்க, ஏன் சார்?" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆறு வாரம் சொல்லிக்கொடுத்தது நான்தானே. அன்று புத்தகத்தை எடுத்து இருவரும் முதல் பக்கத்திலிருந்து வாசித்தோம். போட்டியில் பரிசு வரவில்லை. அந்தப் புத்தகத்தை அவன் திருப்பித் தரவுமில்லை, நானும் கேட்கவில்லை.

இவ்வாண்டு முதல் வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சிறு கதைப் புத்தகம் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. பிளாஸ்டிக் பையில் போட்டுத்தான் அனுப்புகிறோம். நம் மலை ஈரத்தில் காகிதம் பூஞ்சணம் பிடிப்பது உங்களுக்குத் தெரியும். அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் வையுங்கள். இராத்திரி பத்து நிமிஷம் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாசித்து முடித்ததும் அந்தப் பாட்டி கேட்ட மாதிரி ஒரே ஒரு கேள்வியைத் தமிழில் கேளுங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை காலையில் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள், மறுபடி வாசிக்கிறோம்.