போல்ஷ்விக் லெனினிஸ்டுக் கட்சி: இரு கரைகளின் வரலாறு

கட்சிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆட்சியை எய்திய கட்சிகளையே ஆராய்வர். ஆட்சி எய்தாச் சிறு கட்சிகள் அடிக்குறிப்பில் ஒதுங்கிவிடும். 1942-இல் தோன்றிய போல்ஷ்விக் லெனினிஸ்டுக் கட்சி அத்தகையது. எனினும், சென்னைத் தொழிலாளர் வரலாற்றோடும் இலங்கை மலையகத் தமிழர் வரலாற்றோடும் ஒருங்கே தொடர்புடைமையின், அதன் தோற்றமும் முடிவும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

1. தோற்றம்

இக்கட்சியின் வேர் இலங்கையில் உள்ளது. 1935 திசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி கொழும்பில் நிறுவப்பெற்றது. பிலிப் குணவர்தன, என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, லெஸ்லி குணவர்தன முதலியோர் அதன் தலைவர்கள். தமிழகத்தில் ‘சமதர்மம்’ என்று வழங்கிய கருத்து அங்கே ‘சமசமாஜம்’ எனப் பெயர் பெற்றது. முன்னது அறத்தையும் பின்னது சமூகத்தையும் சுட்டுதல் நோக்கத்தக்கது.

நாளடைவில் இவர்கள் ஸ்டாலினின் வழியை மறுத்து டிராட்ஸ்கியின் கொள்கையைத் தழுவினர். 1940 சனவரியில் இவர்களுடைய தொழிற்சங்கம் நடத்திய முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி காவலரால் சுடப்பட்டு இறந்தார். அவ்வாண்டிலேயே தலைவர் சிலர் சிறைப்பட்டனர். 1942 ஏப்ரலில் கண்டி போகம்பரைச் சிறையினின்று தப்பிய அவர்கள், பின்னர் இந்தியாவுக்குக் கடந்தனர்.

இலங்கைப் புரட்சி இந்தியப் புரட்சியின் ஒரு கூறாகவே வெல்லும் என்பது அவர்தம் துணிபு. எனவே இந்தியா, இலங்கை, பர்மா மூன்றையும் தழுவியதாகப் புதிய கட்சி அமைந்தது. போரை மக்கள் போர் எனக் கூறி இந்தியப் பொதுவுடைமைக் கட்சி ஆதரித்த காலத்தில், இக்கட்சி 1942 ஆகஸ்டுப் போராட்டத்தை ஆதரித்தது. 1943-இல் பிலிப் குணவர்தனவும் பெரேராவும் பம்பாயில் பிடிபட்டு இலங்கைக்கு அனுப்பப்பெற்றனர்.

2. சென்னையில்

திரு. வி. க., பி. பி. வாடியா ஆகியோர் தொண்டாற்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் தோன்றியது. அதன் தலைமையை யாழ்ப்பாணத்தவரான எஸ். சி. சி. அந்தோணிப்பிள்ளை பின்னாளில் ஏற்றார். 1947-இல் பக்கிங்காம் கர்னாடிக் ஆலைகளில் ஏறத்தாழ 100 நாள் நடந்த வேலைநிறுத்தம் அவர் காலத்தது. அப்போது மாகாணத்தை ஆண்டது காங்கிரஸ் அமைச்சரவை. ஆயினும், சிறு கட்சியாக நின்று பெருந்திரளான மக்களை அடைதல் இயலாது எனக் கருதிய இந்தியப் பிரிவு, 1948-இல் சோஷலிஸ்டுக் கட்சியில் கலந்தது. கட்சி மறைந்தது; தொழிற்சங்கத் தொடர்பு மறையவில்லை. 1957-இல் அந்தோணிப்பிள்ளை வடசென்னையிலிருந்து சுயேச்சையாக மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

3. இலங்கையில்

ஆங்கே நிகழ்ந்தது இதற்கு மாறானது. பிளவுற்றிருந்த இரு பிரிவினரும் 1947 தேர்தலில் தனித்தனியே நின்றனர். சமசமாஜக் கட்சி 10 இடங்களையும் போல்ஷ்விக் லெனினிஸ்டுக் கட்சி 5 இடங்களையும் பெற்றன. தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்தை இரு பிரிவினரும் எதிர்த்தனர். 1950-இல் மீண்டும் இணைந்தபின், 1956-இல் சிங்களம் மட்டும் என்னும் சட்டம் வந்தபோது, சிங்களத்துக்கும் தமிழுக்கும் சமநிலை வேண்டுமென வாதாடினர்.

1964 சூனில் அக்கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தது. நான்காம் அகிலம் அதனை விலக்கிற்று. அவ்வாண்டு அக்டோபரில் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. 1948-இல் அம்மக்களுக்காக வாதாடியவர்கள் அப்போது அமைச்சரவையில் இருந்தனர். சிங்களத்தை ஆட்சிமொழியாக்கிப் பௌத்தத்திற்கு முதன்மை இடம் வழங்கிய 1972 அரசியலமைப்பை உருவாக்கும் பொறுப்பும் கொல்வின் ஆர். டி சில்வாவினதே.

4. முடிபு

இந்தியாவில் பெயர் அழிந்தது, தொழிலாளர் உறவு எஞ்சியது. இலங்கையில் பெயர் எஞ்சியது, வாக்குரிமையற்ற தொழிலாளர்பால் கொண்ட கடப்பாடு தளர்ந்தது. எனவே, ஒரு கட்சியின் வாழ்வை அதன் பெயரின் நீட்சியால் மட்டும் அளத்தல் பொருந்தாது. வாக்களிக்க இயலாத மக்கள்பால் அது எவ்வாறு நடந்துகொண்டது என்பதே தக்க அளவுகோலாகும். அவ்வளவுகோலால் நோக்கின், இக்கட்சியின் வரலாறு அடிக்குறிப்பில் அடங்குவதன்று.