ஒன்பது ஜன்னல் வீடு

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஆறு மாசத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் கேள்வி: "சொத்து வரியைக் குறைக்க ஏதாவது வழி இருக்கா சார்?"

ரொம்பப் பழைய கேள்வி. இங்கிலாந்துக்காரர்கள் கண்டுபிடித்த விடை அங்கே இன்னும் சுவர்களில் தெரிகிறது, செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்களாக. (அழகுக்காகக் கட்டிய போலி ஜன்னல்களும் உண்டு. அடைத்ததெல்லாம் வரிக்குப் பயந்து அடைத்ததல்ல.)

1662-ல் அங்கே கணப்பு வரி வந்தது. ஒரு கணப்புக்கு வருஷம் 2 ஷில்லிங். எண்ணுவதற்கு வரிக்காரர் வீட்டுக்குள் நுழையணும். அந்த எரிச்சலிலேயே 1689-ல் அது போனது. அடுத்து, ஓரம் வெட்டப்பட்ட வெள்ளி நாணயங்களால் வந்த நஷ்டத்தை ஈடுகட்ட 1696-ல் ஜன்னல் வரி போட்டார்கள். பெரும்பாலும் தெருவில் நின்றே எண்ணிவிடலாம். ஜன்னல் அதிகம் என்றால் பணமும் அதிகம் என்பது கணக்கு. ஆடம் ஸ்மித் 1776-லேயே இதன் ஓட்டையைச் சொல்லிவிட்டார்: சிற்றூரில் குறைந்த வாடகை வீட்டுக்கு, லண்டனின் பெரிய வாடகை வீட்டைவிட ஜன்னல் அதிகம் இருக்கலாம்.

சுவாரசியம் 1747 விகிதத்தில்தான் இருக்கு. 9 ஜன்னல் வரை ஜன்னலுக்கு வரி இல்லை. 10 முதல் 14 என்றால் ஒவ்வொன்றுக்கும் 6 பென்ஸ், 15 முதல் 19 என்றால் 9 பென்ஸ், 20-க்கு மேல் 1 ஷில்லிங். கூடுதல் ஜன்னலுக்கு மட்டுமல்ல, மொத்த ஜன்னலுக்கும். அதாவது பத்தாவது ஜன்னலின் விலை 5 ஷில்லிங்! நம்ம பாஷையில் சொன்னால், மோசமாக எழுதிய இஃப்-எல்ஸ்.

ஜனங்கள் என்ன செய்வார்கள்? வாலஸ் ஓட்ஸ், ராபர்ட் ஷ்வாப் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1747–57 வரிப் பதிவுகளை எடுத்து எண்ணினார்கள். வீடுகள் 9, 14, 19 ஜன்னல்களில் குவிந்து கிடந்தன. பால், பாலாடைக்கட்டி அறைகளுக்கு விலக்கு இருந்ததால் அவற்றுக்கு மேலே பெயரை எழுதி வைத்தார்கள்.

இதுவரை வேடிக்கை. நகரத்துக் குடித்தனக் கட்டடங்களில்தான் கதை மாறுகிறது. முழுக் கட்டடமும் ஒரே வீடாக எண்ணப்பட்டு வரி வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. அவர் ஜன்னலை அடைத்தார். வரி மிச்சம் அவருக்கு. இருட்டும் புழுக்கமும் நோயும் உள்ளே இருந்த ஏழைகளுக்கு. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், டிக்கன்ஸ் எழுதினார். 1851-ல்தான் ஒழிந்தது. பதிலுக்கு வந்தது, வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பை வைத்துப் போட்ட வரி.

சென்னையில் இன்றும் ஆண்டு வாடகை மதிப்புதான் அடிப்படை. 2022 உயர்விலும் 600, 1200, 1800 சதுர அடி என்று படிகள் வைத்தார்கள். அதனால் எங்கள் குழுவில் நான் சொல்வது இதுதான்: பில்லில் இருக்கும் சதுர அடி சரியா என்று டேப் பிடித்துப் பாருங்கள், முதல் மாசத்திலேயே கட்டி 5 சதவீத ஊக்கத்தொகையை வாங்குங்கள். அடுத்தவர் வெளிச்சத்தை அடைக்காத குறைப்பு அது.